ஊட்டியில குளிரில்லையா, கண்ணு?

வா கண்ணு, உட்காரு. பெங்களூருக்குப் போறியாமே, உங்கம்மா ஊரெல்லாம் சொல்லி முடிச்சுட்டா. எதுக்கு எல்லாச் சாப்ட்வேர் கம்பெனியும் அங்கயே இருக்குதுன்னு கேட்டா, "கிளைமேட்டு நல்லாருக்கும் அப்புச்சி"ங்கறே. நாலு வருசம் இஞ்சினீயரிங் படிச்சு இதைத்தான் கண்டுபிடிச்சயா? குளிருக்குத்தான் கம்பெனி வருதுன்னா ஊட்டியிலயல்ல கண்ணாடிக் கட்டடமா முளைச்சிருக்கோணும்? அங்க இன்னும் வர்க்கியும் தைலமுந்தான வித்துட்டு இருக்காங்க.

எனக்கும் இதுல ஒரு சந்தேகம் இருந்துச்சு. சர்க்கரை ஆலை கரும்புக்காட்டுக்குப் பக்கத்துல இருக்குது. வெட்டின கரும்பு காஞ்சுபோனா சாறு போயிரும், சரி. மதுக்கரையில சிமெண்டு ஆலை வந்தது சுண்ணாம்புக்கல்லு கெடைக்கறதால, அதுவும் சரி. உன்ற சோலிக்கு என்ன வேணும்? ஒரு லேப்டாப்பு, ஒரு ஒயரு, கொஞ்சம் கரண்டு. மூணும் நம்ம தோட்டத்துச் சாளையிலயே இருக்குது. 2020ல கொரோனா வந்தப்ப உன்ற பெரியம்மா பையன் கட்டுத்தரைக்குப் பக்கத்துல கயித்துக்கட்டலைப் போட்டு உட்கார்ந்துதான் அமெரிக்காக்காரனுக்கு வேலை பார்த்தான். நடுவால எருமை கத்துனதை அவங்களும் கேட்டுச் சிரிச்சாங்களாமா. வேலை நின்னா போச்சு? அப்பறமும் ஆபீசுக்கு வா வான்னு கூப்பிட்டுக்கிட்டாங்க. மண்ணுல வெளையாத, கப்பல்ல ஏத்தாத சரக்கு; எங்க வேணாலும் கடை போடலாம். ஆனா எல்லாரும் ஒரே ஊருல போயி இடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.

இதுக்கு ஆதி கதை ஒண்ணு இருக்குது. ஜாம்ஷெட்ஜி டாட்டா போட்ட யோசனைக்கு மைசூர் ராஜா குடும்பம் 371 ஏக்கர் குடுத்து, 1909ல இந்திய அறிவியல் கழகம் அங்க வந்துச்சு. 371 ஏக்கர்! நம்ம ஊருல பால் சொசைட்டிக்கு மூணு சென்ட்டு கேட்டதுக்கே பங்காளிக அருவாளைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. அப்பறம் 1940ல விமானக் கம்பெனி, 1948ல டெலிபோன் பண்ற ஐ.டி.ஐ., 1953ல எச்.எம்.டி., 1954ல பெல்லுங்கற பாரத் எலக்ட்ரானிக்ஸ். பொறவு ராக்கெட்டுக்காரங்க. 1981ல ஆப்பிள்னு ஒரு செயற்கைக்கோளை அங்கதான் மாட்டுவண்டியில ஏத்திவெச்சுச் சோதனை பண்ணுனாங்க. நீ திங்கற ஆப்பிளும் இல்ல, உன்ற போனும் இல்ல. லாரியில ஏத்துனா இரும்பு இடைஞ்சல் பண்ணுமாம், அதனால வண்டிமாடு. மாட்டைக் கேவலமாப் பேசறவனுக்கெல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டு.

ஆக, சாப்ட்வேர்ங்கற பேரே யாருக்கும் தெரியாத காலத்துல, பெரும்பாலும் சர்க்கார் காசுலதான் படிச்ச கூட்டம் அங்க சேர்ந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் மத்தவங்க மோப்பம் புடிச்சு வந்தாங்க. புனேயில ஆரம்பிச்ச இன்போசிஸ் 1983ல அங்க குடிபோச்சு. 1985ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அமெரிக்காவுல இருந்து வந்து, செயற்கைக்கோள் வழியா அந்தண்டைக்கும் இந்தண்டைக்கும் வேலையை அனுப்புச்சு. 1991ல சாப்ட்வேர் பார்க்குன்னு சர்க்காரே ஒரு அமைப்பு வெச்சு, லைனு குடுத்து, ஏத்துமதி லாபத்துக்கு வருமான வரிச் சலுகையும் குடுத்துச்சு. 2011 வரைக்கும் அந்தச் சலுகை நடந்துச்சு. நெல்லு வித்த காசுக்கு நான் வரி கட்டறதில்லைன்னு கேலி பண்ணுவியே, உன்ற மொதலாளிக கதையையும் தெரிஞ்சுக்க.

சரி, வந்தது வந்தாங்க. அக்கட்டப் போகாம ஏன் அங்கயே குமியறாங்க? மாட்டுச் சந்தைக்கு வந்திருக்கியல்ல? வாங்கறவன் அங்க இருக்கறதால விக்கறவன் வாரான். விக்கறவன் இருக்கறதால வாங்கறவன் வாரான். அவங்களை நம்பித் தரகு, லாடம் அடிக்கறவன், கயிறு விக்கறவன், டீக்கடை. நீ மாட்டை ஓட்டிக்கிட்டு ஒத்தை ஆளு இருக்கற ஊருக்குப் போனா, அவன் பல்லைப் புடிச்சுப் பார்த்துட்டு, "பல்லு போயிருச்சே"ம்பான். அவன் சொன்னதுதான் வெலை. சந்தையில அந்தப் பேச்சு ஆகாது, பக்கத்துலயே இன்னொருத்தன், வெலை வெளிய தெரியாமப் பேசறதுக்குத் துண்டைப் போட்டுக் கைய நீட்டிக்கிட்டு நிப்பான். இப்ப உங்க எச்.ஆர். அம்மா சம்பளத்தை யாருகிட்டயும் சொல்லாதேங்கறதும் அந்தத் துண்டுதான். என்ன, மாடு நீயே.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில சோகோங்கற சாப்ட்வேர் கம்பெனி ஆபீசு போட்டு ஊருப் பசங்களுக்கு வேலை குடுக்குது, மெச்சிக்கத்தான் வேணும். ஆனா அங்க உன்ற மேனேஜர் மூஞ்சி உனக்குப் புடிக்காமப் போச்சுன்னு வையி, கோவிச்சுக்கிட்டு எங்க போவே? குத்தாலத்துல குளிச்சுட்டு மறுபடி அங்கயேதான் வரோணும். பெங்களூருல ரோட்டைத் தாண்டுனா இன்னொரு கம்பெனி. நாளைக்குக் கட்டிக்கப்போற புள்ளையும் படிச்சவளாத்தான் இருப்பா. ரெண்டு பேருத்துக்கும் ஒரே ஊருல வேலை அமையறது பெரிய ஊருலதான். பொண்ணு ஊட்டுக்காரங்க "பையன் பெங்களூரா?"ன்னு கேக்கறதுல கணக்கு இருக்குது.

வேலைக்குப் போனவனே கடையும் போட்டர்றான், அது இன்னொரு கூத்து. அமேசான்ல இருந்த ரெண்டு பன்சாலுக 2007ல ஒரு அபார்ட்மெண்டுல பொஸ்தகம் விக்க உட்கார்ந்தாங்க. 2018ல அந்தக் கடையில, அதான் பிளிப்கார்ட்டுல, பெரும்பங்கை வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்குச்சு. பிளிப்கார்ட்டுல இருந்து வெளிய வந்தவங்க அதுக்கு முந்தியே போன்பேன்னு இன்னொண்ணைத் தொறந்தாங்க. பணம் போடறவனும் அந்த ஊரையேதான் சுத்துவான், வேற எங்கயாச்சும் தேடிக்கிட்டு அலைவானா? இப்ப விழுப்புரத்துல, தஞ்சாவூருல எல்லாம் சின்ன டைடல் பார்க்கு கட்டியிருக்காங்க. கட்டட்டும். கட்டடம் கட்டறது சுலுவு. சந்தை கூடறதுக்கு ஒரு தலைமுறை ஆகும்.

அதனால போறதைத் தடுக்கலை. ஆனா கம்பெனி பேருல மயங்கி நிக்காதே, உன்னையவிட வேலை தெரிஞ்சவன் பக்கத்துல எடம் புடிச்சு உட்காரு. கேண்டீன்ல போனை நோண்டாம அவன் பேசறதைக் கேளு. அதுக்காகத்தான் போறே. அதை இந்தச் சாளையில உட்கார்ந்து ஒயருல வாங்க முடியாது. இன்னொண்ணு: இத்தனை கூத்துலயும் நோவாம சம்பாதிக்கறவன் அங்க ஊடு வெச்சிருக்கறவன்தான். உனக்குச் சம்பளம் ஏறுனா அவன் வாடகையும் ஏறும். மிச்சத்துக்கு சில்க் போர்டு சிக்னல்ல நின்னு பொகை குடி.

அவன் பத்து மாச வாடகையை அட்வான்சாக் கேப்பான். உங்கையன்கிட்டக் கேக்காதே, எம் மாப்பிள்ளை எனக்குத் தரவேண்டியதே இன்னும் பாக்கி. என்கிட்ட வாங்கிக்க, ஆனா வட்டி உண்டு.