மொய் நோட்டும் மூணரை வட்டியும்: கரிசல் சீமையின் பணப்பேச்சு குறித்து ஓர் ஆய்வு

கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கே-11 பருத்தி, கே-8 சோளம் என்று ஊரின் ஆங்கில முதலெழுத்தைச் சுமந்த ரகங்கள் அங்கிருந்து வந்தன. மானாவாரி நிலத்தின் ஈரத்தையும் கரிசல் மண்ணின் வெடிப்பையும் அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக அளந்து வருகிறார்கள். ஆனால் மழை பெய்தாலும் பொய்த்தாலும் அந்த வட்டாரத்தில் தப்பாமல் மகசூல் தருகிற மொய், ஏனோ அவர்கள் கவனத்துக்கு வரவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. இதன் துணிபு இது: நம் மக்களுக்குப் பணக்கணக்கு தெரியாது என்ற புகார் பாதிதான் உண்மை. சத்தமாகச் சொல்லப்படும் பணத்தில் அவர்கள் தேர்ந்தவர்கள். மறைத்துவைக்கும் பணத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

மூலச்சான்றை முதலில் விவரிப்பது ஆய்வு மரபு. மண்டப வாசலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தட்டில் வெற்றிலை பாக்கு, மூலைகளில் மஞ்சள் தடவிய ஒரு நோட்டு. ஒருவர் பணத்தை எண்ணி வாங்க, கூட்டல் பிசகாத இன்னொருவர் பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதுவார். ஊர், பெயர், தொகை என்பது வரிசை. ஒரே விசேஷத்துக்கு ஏழெட்டு மாரியப்பன்கள் வரக்கூடிய சீமையில் ஊர்ப்பெயரும் தகப்பனார் பெயரும் போதாமல் பட்டப்பெயரையும் சேர்த்து எழுதுவார்கள்; வருமான வரித் துறை பத்து இலக்க எண் கொடுத்துச் செய்கிற வேலை இங்கே ஒரு பட்டப்பெயரில் முடிந்துவிடுகிறது. மைக் வைத்த விசேஷம் என்றால் “எட்டயபுரம் மாமா ஐநூத்தி ஒண்ணு” என்று பந்தல் முழுக்கக் கேட்கும். கொடுத்தவர் தம் தொகை சரியாக ஏறிவிட்டதா என்று காதாலேயே தணிக்கை செய்துகொள்கிறார். அந்த ஒற்றை ரூபாய் தனி ஆய்வுக்குரியது. ஐந்நூறு என்று முழுசாக நின்றால் கணக்கு முடிந்ததாகிவிடும், ஒன்று சேர்ந்தால் உறவு தொடரும் என்பது பெரியவர்கள் சொல்லும் விளக்கம். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது மூன்றுமே கடமைகள் என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் எழுதிப் புகழ்பெற்றார். அவர் பாலினீசியா வரை தேடிப்போன சரக்கு கழுகுமலைப் பாதையில் எந்த மண்டபத்திலும் கிடைத்திருக்கும்.

விசேஷம் முடிந்ததும் நோட்டு பீரோவுக்குள் நிலப்பத்திரத்தோடு போய்ச் சேரும். எங்கிருந்தாவது பத்திரிகை வந்தால் மறுபடி வெளியே வரும். “நமக்கு என்ன எழுதியிருக்காக?” என்ற கேள்வியோடு தொடங்கும் குடும்ப ஆலோசனையின் தரம் பல கம்பெனி இயக்குநர் கூட்டங்களில் காணக் கிடைக்காதது. அவர்கள் 2007-இல் 101 எழுதியிருந்தால் இன்று அதே 101-ஐத் திருப்பி எழுத எவருக்கும் மனம் வராது. ரூபாயின் மதிப்பு காலத்தோடு தேயும் என்ற பாடத்தை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை. எவ்வளவு கூட்டுவது என்பதற்குக் கோவில்பட்டியிலேயே ஓர் அளவுகோல் தயாராகிறது. 2007-இல் 50 பைசாவிலிருந்து 1 ரூபாய் ஆன தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆனது. பதினான்கு ஆண்டில் இரட்டிப்பு. 72-ஐ 14-ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 5 விழுக்காடு. ரிசர்வ் வங்கிக்கு அரசு 2016-இல் வகுத்த பணவீக்க இலக்கு 4, மேல்வரம்பு 6. எத்தனையோ பொருள்களின் விலையைத் திரட்டி நிபுணர்கள் வரைந்த எல்லைக்குள், ஒற்றைத் தீப்பெட்டி அலட்டிக்கொள்ளாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்த விலையேற்றமும் ரகசியமாக நடக்கவில்லை. சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425-லிருந்து 810 ஆனது, மெழுகு 58-லிருந்து 80 ஆனது, 600 பெட்டிக் கட்டு 270, 300-க்கு இனிக் கட்டுப்படியாகாது என்று உற்பத்தியாளர்கள் பட்டியல் போட்டே பேசினார்கள்.

இனி மறைக்கப்படும் பணத்துக்கு வருவோம். இதன் தொன்மையான வடிவம் மாட்டுத்தாவணியில் இருந்தது: தரகர் துண்டுக்கடியில் கையை நுழைத்து, விரலைப் பிடித்து விலை சொல்வார், பிடித்தவருக்கும் கொடுத்தவருக்கும் தவிர மூன்றாம் பேருக்கு, அந்த மாட்டுக்குக்கூட, விலை தெரியாது. தாவணிகள் தேய்ந்துவிட்டன, துண்டு மட்டும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. மகனின் சம்பளம், மருமகளின் நகை எந்தக் கடையில் இருக்கிறது, வண்டிக்கு வாங்கிய கடனில் பாக்கி எவ்வளவு என்பனவெல்லாம் அதற்கு அடியில்தான் நடக்கின்றன. விளைவைப் பாருங்கள். 2019-இல் தேசிய நிதிக் கல்வி மையம் நடத்திய கணக்கெடுப்பில், நாட்டின் வயதுவந்தோரில் நிதி எழுத்தறிவு உள்ளவர்கள் 27 விழுக்காடு. ஆனால் “நூத்துக்கு ரெண்டு வட்டி” என்றால் கரிசல் காட்டில் எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் உறைக்கும்: நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு, வருஷத்துக்கு 24. அந்த அளவையில் சொன்னால் 9 விழுக்காட்டு வங்கி நகைக்கடன் முக்கால் வட்டி. மாதம் மூன்றரை விழுக்காடு போடுகிற கடன் அட்டை மூணரை வட்டி, வருஷத்துக்கு 42. ஊரில் ஒருவரிடம் மூணரை வட்டிக்குக் கைநீட்டினால் வீட்டில் அடுப்பு எரியாது. பளபளப்பான அட்டையில் அதே வட்டியைக் கட்டுகிறவர் விவரமான ஆள். இதைவிடத் தந்திரமானது ஃபிளாட் வட்டி. 12,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு, பன்னிரண்டு தவணை என்றால் மாதம் 1,120 கட்டவேண்டும். அசல் மாதாமாதம் குறைவதால் சராசரியாக நம் கையில் இருந்த கடன் 6,500-தான். அதற்கு வட்டி 1,440 என்றால் உண்மையில் 22 விழுக்காடு. மொய் மேசைக்காரர் ஒருவர் காதில் இது விழுந்திருந்தால் அங்கேயே பேனாவை மூடிவைத்துச் சண்டை பிடித்திருப்பார். யார் காதிலும் விழாதபடி கையெழுத்தாவதுதான் அந்தக் கடனின் பலம்.

பணத்தை வெளியே பேசினால் கண்ணு படும் என்பது முதல் மறுப்பு. இதை மூடநம்பிக்கை என்று தள்ள ஆய்வு நேர்மை இடந்தராது, ஏனென்றால் நார்வே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. அங்கே குடிமக்களின் வருமானமும் வரியும் பொதுப் பதிவு. 2001-இல் அது இணையத்துக்கு வந்து யாரும் யாரையும் தேடலாம் என்றானபின், வசதியுள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையே மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி கூடியது என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கண்ணு படத்தான் செய்கிறது. 2014-இல் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள்: தேடியவர் பெயர் தேடப்பட்டவருக்குத் தெரியும். தேடல் மளமளவென்று சரிந்தது. மொய் நோட்டில் இந்தப் பாதுகாப்பு பிறவியிலேயே உண்டு. அடுத்தவர் தொகையைக் கேட்கிறவரின் தொகையும் அதே நோட்டில் இருக்கிறது. தன் கணக்கைச் சொல்லாமல் பிறர் கணக்கை மட்டும் கேட்பவருக்குத்தான் நாம் பயப்படவேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. மொய்யே ஒரு கடன்தானே. மைக்கில் பெயர் வருமே என்பதற்காக வட்டிக்கு வாங்கி எழுதுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். (சட்டம் இதை அன்பளிப்பு என்றே கருதுகிறது. கல்யாணத்தில் மணமக்களுக்கு வருவதற்கு வரி இல்லை. மற்றபடி உறவினர் அல்லாதவரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி உண்டு. காதுகுத்துக்குத் தனிச் சலுகை தர நாடாளுமன்றத்துக்குத் தோன்றவில்லை.) ஆனால் வட்டிக்கு வாங்கி எழுதுகிறவரிடம் நடப்பது என்ன? 1,001 ஒலிபெருக்கியில் வருகிறது, அதற்கு வாங்கிய மூணு வட்டி துண்டுக்கடியில் இருக்கிறது. பாதி வெளிச்சத்தால் வந்த கேட்டுக்கு மருந்து முழு இருட்டு ஆகாது. இரண்டையும் சேர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பிறகு மாநிலம் முழுக்கப் பரவின. குழுக் கூட்டத்தில் யாருக்கு எவ்வளவு கடன், எந்த வட்டி, எத்தனை தவணை பாக்கி என்று எல்லாரும் கேட்க வாசிக்கிறார்கள். அதனால் யார் மானமும் போய்விடவில்லை. தீப்பெட்டி ஒட்டிய கூலியை எண்ணி வாங்கும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் கணக்கு எழுதுகிறார்கள், எழுதியதில் பிழை கண்டுபிடிக்கிறார்கள், வங்கி மேலாளரிடம் வட்டி ஏன் கூடியது என்று கேட்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் தம் கணவர் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே இவ்வாய்வின் பரிந்துரை செலவில்லாதது. பெரும்பாலான மொய் நோட்டுகளில் பின்பக்கங்கள் காலியாகத்தான் இருக்கும். அதில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் வாங்கிய கடனையும் பெயர், தொகை, வட்டி என்று எழுதுங்கள். வட்டியை விழுக்காட்டில் எழுதாமல் நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்று எழுதுங்கள். பிறகு பிள்ளைகளும் கேட்க ஒருமுறை வாசியுங்கள். மைக் வேண்டாம்.