எந்தச் சங்கம், எந்த உதை?

கேள்வி: அடையாறு, தி.நகர் இரண்டு டேக்வாண்டோ மாஸ்டர்களுமே ‘எங்கள் சங்கம்தான் ஒரிஜினல்’ என்கிறார்கள். போட்டிகளுக்குப் போக ஆசைப்படும் மகளை எங்கே சேர்ப்பது?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்! 1966-ல் தொடங்கிய ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) விதிப்படி, கையுறை மாட்டி முகத்திலும் குத்தலாம். 1973-ல் சியோலில் பிறந்த வேர்ல்ட் டேக்வாண்டோ என்ற இன்னொரு உலக அமைப்பில் முகத்துக்கு உதை மட்டுமே, குத்து கிடையாது. 2000 சிட்னி முதல் ஒலிம்பிக் பதக்கம் பின்னதற்குத்தான். நம் நாட்டிலோ சங்கங்கள் கோர்ட்டில் மோதிக்கொள்ளும் வேகத்துக்கே தனிப் பதக்கம் தரலாம். ஆகவே, சுவரில் தொங்கும் சர்டிஃபிகேட்டை நம்பாதீர்கள். வேர்ல்ட் டேக்வாண்டோவின் இந்திய உறுப்பினர் யார், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் யாரை அங்கீகரிக்கிறது என்று விசாரித்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள். பெல்ட் மட்டும் போதுமென்றால், வீட்டுக்குப் பக்கத்து வகுப்பே உத்தமம். ஆட்டோ காசாவது மிஞ்சும்!