மாரத்தானும் மாசக் கடைசியும்

கேள்வி: மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். ஓடிவிட்டு வந்தால் அகோரப் பசி. சம்பளமோ இருபதாம் தேதிக்குள் என்னைவிட வேகமாக ஓடிவிடுகிறது. புரோட்டீன் பவுடருக்குக் கட்டுப்படியாகாது. என்னதான் சாப்பிடுவது?
- மேன்ஷன்வாசி, திருவல்லிக்கேணி

பதில்: பவுடர் டப்பாவுக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு முதல் தேவை மாவுச்சத்து. கென்யாவின் இட்டென் ஊரில் பயிற்சி எடுக்கும் சாம்பியன்களே உகாலி என்கிற மக்காச்சோளக் களி, கீரை, பால் டீ என்றுதான் வண்டி ஓட்டுகிறார்கள்.

ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கலோரி செலவு. 60 கிலோ ஆசாமி 20 கி.மீ. ஓடினால் 1,200 கலோரி காலி. இட்லிக் கணக்கில் இருபதுக்கு மேல்! அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். தட்டில் நீங்கள் கட்டும் கோபுரத்தைப் பார்த்துப் பின்னால் நிற்பவர் முறைப்பார், கண்டுகொள்ளாதீர்கள்.

புரதத்துக்கு வேர்க்கடலை. 100 கிராமில் 25 கிராம் புரதம், 550 கலோரிக்கு மேல். கூடவே ஒரு முட்டை, 6 கிராம். மெரினாவில்தான் ஓடுவீர்கள், சுண்டலுக்குச் சொல்லவே வேண்டாம். (மிளகாய் பஜ்ஜி புரதத்தில் சேராது.) ரேஷன் அரிசி இலவசம்தான், ஆனால் அறையில் அடுப்பு மூட்டினால் மேன்ஷன் மேனேஜர் உங்களைத் தனியாக ஓட விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தை முகூர்த்த நாளோடு பொருத்திக்கொண்டால் விசேஷம். பத்திரிகை வந்த கல்யாணத்துக்கு மட்டும் போங்கள்!