பெட்டியாற்றுப்படை: இசைக்குழுக் கிற்றார்காரருக்கு ஒரு நூற்பாவும் உரையும்

யாழ்ப்பாணத்துக்குப் பெயர் வந்த கதையை யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. கண் தெரியாத யாழ்பாடி ஒருவன் அரசன் முன் வாசித்தான். மகிழ்ந்த அரசன் மணல் மூடிக் கிடந்த இந்த நிலத்தைப் பரிசிலாகக் கொடுத்தான். கதை உண்மையா பொய்யா என்று வரலாற்றுக்காரர் பிடுங்குப்படட்டும். நம் ஆய்வுக்கு வேண்டிய செய்தி வேறு: அவனிடம் அம்பிளிபயர் இல்லை. இல்லாமலே ஒரு குடாநாட்டை வாங்கிக்கொண்டு போனான். இன்றைக்குக் கோயில் வெளிவீதியில் 100 உவாற்றுப் பெட்டியோடு விடியவிடிய வாசிக்கிற கிற்றார்காரருக்குக் கிடைப்பது ஒரு பொன்னாடையும் ஒரு கொத்துரொட்டிப் பாசலும். உவாற்று ஏற ஏறப் பரிசில் இறங்கும் என்ற விதி இதனாற் பெறப்படும்.

முன்னோர் இதுபற்றி என்ன சொன்னார்கள் என்று தேடினோம். விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. வில்யாழ், பேரியாழ், மகரயாழ் என்று வகைப்படுத்தி, நரம்புக்கு நரம்பு கணக்குப் போட்ட பெருநூல் அது. அதில் அம்பிளிபயருக்கு ஓர் இயல் இல்லை. பொருநராற்றுப்படை யாழின் பத்தரையும் அதன் மேல் போர்த்த தோலையும் வருணிக்கிறது. அந்தப் பத்தர்தான் நரம்பின் ஓசையைப் பெருக்கியது என்பதால், பிளக் இல்லாத முதற் பெட்டி அதுவே எனக் கொள்க. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடித் தொல்காப்பியத்துக்கும் கலித்தொகைக்கும் அச்சுவாகனம் ஏற்றினார். அவர் கைக்கும் இந்தப் பொருளில் ஓர் ஏடு அகப்படவில்லை. எனவே நூற்பாவையும் உரையையும் ஒரே ஆளே எழுதவேண்டி வந்தது. நூலாசிரியரோடு உரையாசிரியர் முரண்படமாட்டார் என்பது இதிலுள்ள ஒரு வசதி.

ஆற்றுப்படையாவது, பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது. இது பெட்டி வாங்கி நொந்தவன், வாங்கப் போகிறவனுக்கு வழி சொல்வது. நூற்பா வருமாறு:

மாமன் நாடும் மின்னின் அளவும்
தூக்கும் தோளும் துலங்கும் ஓசையும்
கதிரையும் கையிருப்பும் கண்டபின் அல்லது
பெட்டி கொள்ளார் பெருவீதி யோரே.

பெட்டி என்றது கிற்றாருக்கான அம்பிளிபயரும் ஸ்பீக்கரும் ஒன்றாயிருக்கும் சாமானை. பெருவீதியோர், திருவிழா இரவுகளில் கோயில் வெளிவீதியில் மேடை போட்டுப் பாடும் இசைக்குழுவினர். முன்னர் ‘கோஷ்டி’ என்றார்கள். பெயர் மாறிற்று, ஐந்து பாடகர், ஒரு கீபோட், ஒரு ஒக்டபாட், மேடை ஓரத்தில் யாரும் பாராத ஒரு கிற்றார் என்ற அமைப்பு மாறவில்லை.

மாமன் நாடு. மாமன் என்றது உபலட்சணம். பெரியப்பா, சித்தப்பா, அத்தான், ஒன்றுவிட்ட அண்ணை எல்லாரையும் தழுவும். குடாநாட்டில் நல்ல பெட்டி பெரும்பாலும் கடையிலிருந்து வருவதில்லை, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வருகிறது. ஆகவே எந்தக் கொம்பனிப் பெட்டி என்று கேட்குமுன், மாமா எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்கவேண்டும். இலங்கை மின்சாரம் 230 உவோற்று, 50 ஹேட்ஸ். லண்டனும் அப்படியே, அதுமட்டுமல்ல, அங்குள்ள 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கே நம் சுவரிலும் நேராய்ப் போய் இருக்கும். பாரிசும் சூரிச்சும் 230 உவோற்றுத்தான், பிளக்கை மட்டும் மாற்றினாற் போதும். கனடா 120 உவோற்று, 60 ஹேட்ஸ். எனவே லண்டன் மாமா உத்தமம், பிரான்ஸ் சுவிஸ் மாமாமார் மத்திமம், கனடா மாமா அதமம். இது மாமாமாரின் குணத்தைப் பற்றியதன்று, மின்னழுத்தத்தைப் பற்றியது.

இதற்குச் சான்று உரையாசிரியர் வீட்டிலேயே உண்டு. ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியப்பா, சூட்கேசுக்குள் சொக்கிளேற்றுக்கும் ரீசேட்டுகளுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைக் குழந்தை மாதிரிச் சுற்றிக் கொண்டுவந்தார். தட்டைப் பின். சந்தையில் ஓர் அடப்டர் வாங்கி, சுவர்ச் சொக்கற்றின் மேல் ஓட்டைக்குள் பேனை மூடியைக் குத்தித் திறந்து, செருகிச் சுவிச்சைப் போட்டேன். சிவப்பு லைற் இருக்கவேண்டியதை விட வடிவாக எரிந்தது. ஒரு ஊங்காரம். பிறகு ஒன்றுமில்லை. குசினியிலிருந்து அம்மாவின் குரல்: “தம்பி, கறி அடிப்பிடிக்குது போலக் கிடக்கு, ஒருக்காப் பார்.” அடுப்பில் கறியே இல்லை. உள்ளே டிரான்ஸ்போமர் சுருள் வறுபட்டுக்கொண்டிருந்தது. அடப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், உவோற்றை மாற்றாது என்பதை நான் பௌதிகம் படித்த பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். உவோற்றைக் குறைக்கத் தனி டிரான்ஸ்போமர் வேண்டும். அதன் பாரத்தையும் விலையையும் கூட்டினால் ‘இனாமாக வந்த பெட்டி’ என்ற தொடர் பொருளிழந்து போகும். பெட்டியின் பின்பக்கத் தகட்டில் உவோற்று எழுதியிருக்கும். வாட்சப்பில் படம் கேட்பவர்கள் முன்பக்கத்தைக் கேட்கிறார்கள், பின்பக்கத்தைக் கேளுங்கள்.

மின்னின் அளவு. ‘உவாற்று’ என்பது பாடப்புத்தகப் பாடம். ‘வாட்ஸ்’ என்பது சவுண்ட்காரர் பாடம். இரண்டும் கொள்ளப்படும். குடாநாட்டின் இசை வரலாற்றில் மிகச் சிறிய மின்னளவு 1990களின் முற்பகுதிக்கு உரியது. அப்போது போர்க்காலம்; லைனில் கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பாட்டுக் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ 6 உவோற்று, 3 உவாற்று. சுற்றுகிறவன் களைத்தால் பாடகரும் களைப்பார். பல்லவி தாரத்தில் தொடங்கிச் சரணம் மந்தரத்தில் முடியும். மூன்று உவாற்றில் ஒரு குடும்பமே பாட்டுக் கேட்டிருக்கிறது என்பதை, நூறு போதாது என்கிற இளங் கிற்றார்காரர் மனங்கொள்வாராக.

இன்று திருவிழா மேடைக்கு ஜெனறேற்றர் வருகிறது. இங்கே கவனிக்கவேண்டியது ஏர்த். பெட்டிக்கும் மைக்குக்கும் ஏர்த் ஒன்றாயில்லாவிட்டால், கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு வைத்தவுடன் சுள்ளென்று அடிக்கும். பாடகர் திடீரென்று மேல் ஸ்தாயிக்குப் போனால் அது சங்கதி என்று சபை கைதட்டும். அது ஏர்த். ஊங்காரம் கேட்கிறது என்பதற்காகப் பிளக்கின் ஏர்த் பின்னைக் கழற்றி விடுபவர்கள் உண்டு. இந்த ஓரிடத்தில் உரையாசிரியர் பகிடி விடவில்லை: அதைச் செய்யாதேயுங்கோ.

தூக்கும் தோள். பென்டர் கொம்பனியின் ட்வின் ரிவேர்ப் 85 உவாற்று. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். ஏறத்தாழ 29 கிலோ. உலகப் புகழ் பெற்ற பெட்டி. அதை ஓட்டோவில் ஏற்றினால் கிற்றார்காரர் இறங்கவேண்டும். வால்வுகள் கண்ணாடிக் குமிழ்கள். நம் ஒழுங்கைக் குழிகளில் அவை படும் பாடு வேறு. வால்வுப் பெட்டியின் சூடான ஓசைக்கு ஈடில்லை என்பாரும் உளர். உண்மைதான். வால்வு போனால் கொழும்புக்குச் சொல்லிவிட்டு வரும்வரை இருக்கவேண்டும் என்பதும் உண்மை. கோயில் கோயிலாகப் போகிறவருக்கு டிரான்சிஸ்டர் பெட்டியே ஏற்றது என்பது நம் துணிபு. 2016இல் வந்த பொஸ் கட்டானா போன்றவை பதினைந்து கிலோவுக்குள் அடங்கி, மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் ஒரு கயிற்றோடு வந்துவிடும்.

துலங்கும் ஓசை. இதுவே நூற்பாவின் உயிர். உவாற்றை இரண்டு மடங்காக்கினால் ஓசை கூடுவது 3 தெசிபெல். ஓசை இரண்டு மடங்காகக் காதுக்குப் படவேண்டுமானால் பத்து தெசிபெல் வேண்டும், அதாவது உவாற்று பத்து மடங்கு. 50 உவாற்றை விட்டு 100 உவாற்றுக்குப் பாய்கிறவர் இரட்டை விலை கொடுத்து வாங்குவது, காது கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்கிற ஒரு சிறு வித்தியாசத்தை. இதே 3 தெசிபெல்லை நல்ல ஸ்பீக்கர் ஒன்று உவாற்றைக் கூட்டாமலே தரும். ஒரு உவாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 97 தெசிபெல் தரும் ஸ்பீக்கரைக் கழற்றி 100 தரும் ஸ்பீக்கரைப் போட்டால், 15 உவாற்றுப் பெட்டி 30 உவாற்றுப் பெட்டி போலாகும். எல்லாரும் உவாற்றைக் கேட்கிறார்கள். ஸ்பீக்கரின் உணர்திறனைக் கேட்பவர் இல்லை. வெளிவீதியில் சுவரும் கூரையும் இல்லை என்பதையும் சேர்த்து எண்ணுக. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க 6 தெசிபெல் போய்விடும். தேர்முட்டியடியில் நிற்கிறவருக்கு உங்கள் பெட்டி எட்டாது, எட்டவேண்டியதுமில்லை.

ஏனெனில் அந்த வேலைக்குச் சவுண்ட்காரர் இருக்கிறார். லொறியில் பெட்டிமலை ஏற்றி வந்து வீதியின் இரு பக்கமும் அடுக்கி, மிக்சருக்குப் பின்னால் வெற்றிலை போட்டபடி இருக்கும் அவரே அவ்விரவின் வேந்தர். கிற்றார்ப் பெட்டிக்கு முன் ஒரு மைக் வைத்தால் (ஷூர் எஸ்எம் 57 என்ற மைக் 1965 முதல் உலகமெங்கும் இந்த ஊழியத்தைச் செய்கிறது) அவருடைய ஆயிரக்கணக்கான உவாற்றும் உங்களுடையதே. 100 உவாற்றுப் பெட்டியை மேடையில் முழுக்கத் திருகினால் நடப்பது ஒன்றுதான். “அண்ணை, உங்கடை பெட்டியைக் குறையுங்கோ, பிள்ளையின்ரை குரல் கேக்கேல்லை” என்று அவர் மைக்கிலேயே சொல்லுவார். முழு ஊரும் கேட்கும். அதன்பின் பெட்டி இரண்டில் நிற்கும். மிச்ச எட்டுக்குக் கொடுத்த காசு வட்டியோடு போயிற்று. இலங்கையின் உச்ச நீதிமன்றம் 2007இல் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்ததையும் இங்கே நினைக்கலாம். திருவிழாக்காரர் அதற்கு எழுதியிருக்கும் உரைகள் தனி ஆய்வுக்குரியன.

எந்த ஓசை துலங்கவேண்டும்? முதல் வரிசையிலிருந்து ஒரு துண்டு வரும்: ‘இளைய நிலா’. அந்தப் பாட்டுள்ள ‘பயணங்கள் முடிவதில்லை’ படம் வந்தது 1982இல். துண்டு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அந்தத் தொடக்கத்துக்கு வேண்டியது ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே தண்ணீர் போல் விழும் சுத்தமான ஓசை. எனவே பெட்டி பார்க்கப் போகும்போது, உருமல் சனலில் பாய்ந்து அயலை எழுப்பாமல், சுத்த ஓசையில் பாதிக்குமேல் திருகிப் பாருங்கள். அங்கே கரகரத்தால் அது வேண்டாம். கரகரப்பே கலை என்பது பிறர் மதம். லிங்க் ரே 1958இல் பென்சிலால் ஸ்பீக்கர்க் கடதாசியைக் குத்தினார்; கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் பிளேட்டால் கீறினார்; இருவரும் புகழ் பெற்றனர். நம் ஊரில் அதே வேலையை எலிகள் மாரிகாலத்தில் இலவசமாகச் செய்து தருகின்றன.

கதிரை. இது 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். பைலாவும் அவர்கள் வழியே இந்தத் தீவுக்கு வந்தது. நாட்டைப் பிடித்தவர்கள் ஆட்டத்தையும் அதற்கு இருக்கையையும் சேர்த்தே தந்தார்கள் என்று கொள்ளலாம். உரும்பிராயின் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ போன்ற துள்ளிசைப் பாட்டுகளைக் கிற்றாரோடு பாடியபோது, அந்தப் பழைய கடன் தமிழில் அடைபட்டது.

அதைவிட முக்கியம், கிற்றார் ஸ்பீக்கர் ஓசையை ரோச் லைற் போல நேரே வீசும் என்பது. நிலத்தில் வைத்த பெட்டி வாசிப்பவரின் குதிக்காலுக்கு வாசிக்கும். குதிக்காலுக்குக் காதில்லை, ஆகவே அவர் இன்னும் கூட்டுவார், எதிரே கச்சான் கொறிக்கிற பெரியவரின் நெஞ்சில் அது போய் இடிக்கும். அந்தப் பெட்டியை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் ஏற்றிச் சற்றுச் சாய்த்து வைத்தால், பாதிச் சண்டை தீரும். மேடையடியில் கதிரை எப்போதும் இருக்கும். உபயகாரர் ஏற்கெனவே வாடகை கட்டிவிட்டார். காசு செலவழிக்காமல் பெட்டியைத் திருத்தும் ஒரே உபகரணம் அதுவே. இருக்கையில் வெடிப்பு இருக்கிறதா என்று கையால் அமத்திப் பார்த்து எடுக்க.

கையிருப்பு. விரிக்க ஒன்றுமில்லை. சித்திரை தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை திருவிழா; ஐப்பசியில் மழை இறங்கினால் மேடை இல்லை. சித்திரையில் பெட்டி வாங்கப் பட்ட கடன் நல்லூர்த் தேருக்கு முன் அடைபடவேண்டும். அடைபடாத விலை எதுவோ அது உங்களுக்குக் கூடின விலை. மற்றவருக்கு அது மலிவாயிருப்பது உங்களுக்கு ஆறுதல் அன்று.

இனி முடிபு. 30 முதல் 50 உவாற்றுக்குள் ஒரு டிரான்சிஸ்டர்ப் பெட்டி, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, பின்தகட்டில் 230 உவோற்று, மூன்று பின் பிளக், ஒரு பிளாஸ்ரிக் கதிரை. இதற்கு மேல் வாங்குவது அழகுக்கு.

பெரியப்பாவின் பெட்டி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா அதன்மேல் ஊறுகாய்ச் சாடி வைத்திருக்கிறா. பாரம் தாங்குகிறது, குறை சொல்ல முடியாது. கனடாவிலிருந்து யாரும் வருவதாயிருந்தால் சொக்கிளேற்றும் ரீசேட்டும் கொண்டுவரச் சொல்லுங்கோ. கரண்டில் ஓடுகிற சாமான் ஒன்றும் வேண்டாம்.