எண் வரும், முகவரி வராது

கேள்வி: கேரளத்துப் பாறசாலையிலிருந்து தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குக் குடிமாறினாலும் செல்போன் எண் கூடவே வருகிறது. இன்டர்நெட் கம்பெனி தந்த மின்னஞ்சல் முகவரி மட்டும் ஏன் வருவதில்லை?
- ஒரு வாசகர், காட்டாக்கடை

பதில்: எண்ணுக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் எண் மாறாமலே கம்பெனி மாறலாம். 2015 ஜூலை 3 முதல் கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்து எண்ணோடு தமிழ்நாட்டு வட்டத்துக்கும் வரலாம். எல்லையோர மக்களுக்கு இரண்டாவதுதான் பெரிய வரம். மின்னஞ்சலிலோ ‘அட்’ குறிக்குப் பிறகு இருப்பது கம்பெனியின் வீட்டுப்பெயர். காலி செய்கிறவர் பெட்டி படுக்கையைத் தூக்கலாம், கதவிலக்கத்தைப் பெயர்த்தெடுக்க முடியுமா? ‘அட்’ குறிக்குப் பின் வைக்கச் சொந்தமாக ஒரு டொமைன் பெயரைப் பதியுங்கள். சர்வரை, பதிவு நிறுவனத்தை மாற்றினாலும் பெயர் உங்களோடு வரும். ஆனால் அதுவும் பாட்ட நிலம்தான். கெடு முடியுமுன் புதுப்பித்துவிடுங்கள்.