ஆணி தேய்க்கும் விஞ்ஞானியார்

ஏலே பேராண்டி, அந்த உப்புத்தாளைக் கீழ வைலே. ஆணியைத் தேச்சுத் தேச்சு ஊசியாக்கிட்டு, "துருவை அளந்தேன்"னு போயி நின்னா வாத்தியார் மாலை போடுவாருன்னு நெனச்சியோ? உப்புத்தாளுக்குத் துருவும் இரும்பும் ஒண்ணுதான். ரெண்டையும் சேத்து உரிச்சிரும்.

துருவுக்கு நம்ம தூத்துக்குடியில பஞ்சமா? கடக்காத்துல ஈரமும் உப்பும் சேந்தே வருது. அப்பேர்ப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு, பளபளன்னு வெள்ளை ஆணியாப் பாத்து வாங்கி ஊறப்போட்டு, "துருவே வரல தாத்தா"ங்க. அது துத்தநாகம் பூசுன ஆணிலே, பெரிய விஞ்ஞானி! பூச்சு இருக்க மட்டும் துரு கிட்ட வராது. பூச்சில்லாத கறுத்த ஆணி வாங்கு. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, காயவச்சு, எடை எழுதிக்கோ. பெறவு தண்ணி தெளி. முக்கிப் போடாத, துருவுக்குக் காத்துல உள்ள ஆக்சிஜனும் வேணும். உப்புத்தண்ணின்னா வெரசாத் துருவேறும். ஆனா காஞ்ச உப்பும் தராசுல ஏறி உக்காந்துக்கும், பாத்துக்கோ.

துருவேறினதும் காயவச்சு மறுபடி நிறு. உதிர்ந்த தூளையும் சேத்துத்தான். எடை கூடியிருக்கும். இரும்பு வளந்துட்டுன்னு குதிச்சிராத. ஆக்சிஜனும் ஈரமும் அதுல குடியேறியிருக்கு.

இனி வினிகர்ல போடு. புளி, எலுமிச்சையும் ஆகும், ஆச்சி கண்ணுல படாம எடுக்கணும், அவ்வளவுதான். புளிப்பு துருவைக் கரைக்கும். ஆனா அத்தோட விடுமா? நல்ல இரும்பையும் மெள்ளக் கரைக்கும். குமிழ் குமிழா வரும் பாரு, அது ஹைட்ரஜன். அதனால துருவில்லாத ஆணி ஒண்ணையும் நிறுத்து, வேற கிண்ணத்துல அதே வினிகர்ல, அதே நேரம் போடு. துரு ஆணி 0.30 கிராம் குறைஞ்சு, நல்ல ஆணி 0.05 கிராம் குறைஞ்சா, துரு ஏறக்குறைய 0.25 கிராம். துரு மூடியிருக்க மட்டும் உள்ள இருக்க இரும்புல புளிப்பு சரியாப் படாது, அதான் ஏறக்குறைய. அப்படியே நோட்டுல எழுதுலே, மானம் போயிராது.

எடுத்ததும் அலசி, உடனே துடைச்சுக் காயவையி. ஈரத்தோட விட்டுட்டு வெளையாடப் போனா, திரும்பி வரும்போது செவந்து நிக்கும்.

அப்புறம் தராசு. அண்ணாச்சி கடைத் தராசு உன் 0.25 கிராமை மதிக்காது. நகை நிறுக்க தராசுதான் வேணும். ஆச்சிக்குச் சங்கிலி எடுத்த கடையில மரியாதையாக் கேளு. ஆணியை நிறுக்கப் போறேன்னு மட்டும் முதல்லயே சொல்லிராத.