பாலைவனம் கண்ட பெருந்தகை

புதுச்சேரியில் எங்கள் தெருப் பெரியவர் ராஜஸ்தான் போய்வந்ததிலிருந்து தெருவுக்கே ஒரு களை வந்துவிட்டது. ஜெய்சல்மேர் கோட்டையை 1156-இல் ராவல் ஜைசல் எழுப்பியது முதல் 2013-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது வரை எல்லாம் அவருக்கு விரல்நுனியில். கோட்டைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருப்பதால், புழங்கும் தண்ணீர் அடிமண்ணில் இறங்கி மதிலை இளக்குகிறது என்று சொல்லும்போது குரல் தழுதழுத்துவிடும். தங்கியது கோட்டைக்குள் இருந்த ஓட்டலில்தான். காலையும் மாலையும் குளித்தார். துக்கம் விசாரிக்கப் போனால் கிட்டே இருந்துதானே விசாரிக்க வேண்டும்?

அடுத்து சேகாவதி. நவல்கர், மண்டாவா, ஃபதேபூர் என ஊர் ஊராக ஹவேலிகள். மார்வாரி வணிகர்கள் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சம்பாதித்ததைச் சொந்த ஊரில் கொட்டிக் கட்டியவை. சுவரெல்லாம் சித்திரம்: கண்ணன் பக்கத்திலேயே ரயில் வண்டி, மோட்டார் கார், தொப்பி வைத்த துரை. இன்று பல பூட்டிக் கிடக்கின்றன; வாரிசுகள் பெருநகரங்களில், வாசலில் ஒரு காவல்காரர். "பாட்டன் கட்டின வீட்டை இப்படியா போட்டுவைப்பாங்க!" என்று மண்டாவாவில் பெரியவர் கொதித்ததைக் கூடப் போனவர்கள் இன்னும் சொல்கிறார்கள். கொதிக்க அவருக்குத் தகுதி உண்டு. தம் பாட்டன் வீட்டை அவர் ஒருநாள்கூடப் பூட்டிப் போட்டதில்லை, நேரே இடித்துவிட்டார்.

அது எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையின் ஏழைத் தம்பி போன்ற வீடு. கீழே தேக்குத் தூணும் முற்றமும் தமிழ். மாடியில் வட்டத் தூணும் வளைவுச் சன்னலும் பிரெஞ்சு. தெருவை ஒட்டித் தாழ்வாரம், வழிப்போக்கர் உட்காரத் திண்ணை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பு பூசிய சுவர், கை வைத்தால் வழுக்கும். நவல்கரில் அதே மாதிரி மினுக்கிய சுவரைத் தடவிப் பார்த்து, "இந்த வேலை நம்ம பக்கம் கிடையாது" என்று வழிகாட்டியிடம் மனமுவந்து பாராட்டினாராம். உண்மைதான், இப்போது கிடையாது. 1761-இல் புதுச்சேரிக் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்க ஆங்கிலேயருக்கு மாதக்கணக்கில் முற்றுகையும் பீரங்கியும் வேண்டியிருந்தன. நம்மவர் காரியத்தில் இன்னும் கெட்டி; ஒரு ஜேசிபியோடு முடித்தார். திண்ணை இருந்த இடத்தில் இரண்டு கார் நிற்கிறது, வழிப்போக்கர் தொல்லையும் ஒழிந்தது.

ஃபதேபூரில் பாழடைந்த ஹவேலி ஒன்றை நதின் லெ பிரின்ஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1990களின் கடைசியில் வாங்கிச் சீர்செய்ததையும் பார்த்துவந்தார். "வெள்ளைக்காரனுக்குத்தாங்க அருமை தெரியுது!" என்று இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் வியக்கிறார். ஊரைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, எங்கள் தமிழ்ப் பகுதியில், பழைய வீடு வைத்திருப்பவர் பலரும் அந்தப் பிரெஞ்சுக்காரர் வரட்டும் என்றுதான் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். மழை மட்டும் காத்திருப்பதில்லை.

அரசையும் குறை சொல்லக் கூடாது. கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரி கட்டடத்தைப் பழுதுபார்த்துக் கெடுத்துவிடாமல், அது தானாகவே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழும்வரை பெருந்தன்மையோடு விட்டுவைத்தார்கள். பிறகு உலக வங்கிப் பணத்தில் அதே முகத்தோடு புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பழையதைவிட இது உறுதி. படத்திலும் எடுப்பாக விழுகிறது. கல்யாண ஜோடிகள் மஞ்சள் சுவர் தேடி வெள்ளையர் வீதிகளுக்கு வருவதால், எங்கள் பக்கத்தில் இடித்துக் கட்டுவோர் கிளப்பும் தூசு அவர்கள் பட்டுப்புடவையில் படுவதில்லை. எவ்வளவு யோசித்து ஊரைப் பிரித்துவைத்திருக்கிறார்கள்!

பெரியவரின் அடுத்த பயணம் செட்டிநாடு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பதைக் கேட்டு வைத்திருக்கிறார். புது வீட்டு வரவேற்பறையில் பாரம்பரியமாக ஏதாவது நிறுத்த வேண்டுமாம். ஒரு ஜோடி தேக்குத் தூண் கிடைத்தால் என்ன விலையானாலும் எடுத்துவிடுவதாகச் சொல்கிறார். இடித்தபோது எடைக்குப் போட்டாரே, அந்தத் தூண்களே அங்கே நின்றாலும் ஆச்சரியமில்லை. ஆனால் பேரம் பேசாமல் விடமாட்டார், கெட்டிக்காரர்.